மஞ்சள் குவியல்

கை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, மேலே கிடப்பவை வெதுவெதுப்பாகத் துடிக்கின்றன, நடுவில் ஈரம், அடியில் இருப்பவை துணியைப் போலத் தட்டையாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, நான் அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் எறிகிறேன், அலகுகள் எல்லாம் திறந்து திறந்து மூடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை, கனவில் நடப்பதைப் போல ஒரு மஞ்சள் குவியல் எனக்கு முன்னால் சத்தமில்லாமல் கத்துகிறது, பொரித்து ஒருநாள் ஆன கோழிக்குஞ்சு குளிரில் கத்தினால் பக்கத்துத் தோட்டம்வரை கேட்கும், எனக்குத்தான் அது கேட்பது நின்றுபோயிருந்தது.

லாரி வருவது கேட்கும், கிணற்று மோட்டார் கேட்கும், மருமகள் கலாமணி அடுப்படியிலிருந்து மாமா சோறு ஆறுதுங்க என்றால் அதுவும் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போயின, முதலில் ராத்திரி கத்தும் சுவர்க்கோழிப் பூச்சி, பிறகு அணில், கடைசியில் குஞ்சு, நான் யாரிடமும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, கம்பெனி லாரி குஞ்சு இறக்கும் வாரம் மட்டும்தான் அந்த வீட்டில் நான் ஓர் ஆள், மற்ற நாளெல்லாம் கட்டிலோடு சேர்ந்த சாமான், அந்த வாரம் மகன் மோகனசுந்தரமே வந்து அப்பா சூடு போதுமுங்களா என்று கேட்பான், நான் ஒரு குஞ்சை எடுத்து அதன் காலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துப் போதும் என்பேன், அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலகை வெல்லத் தண்ணீரில் தொட்டு விடுவேன், பிறகு குஞ்சுகளைச் சுற்றி நிறுத்திய தகட்டு வளையத்துக்கு வெளியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், சூடு சரியாக இருந்தால் காய்ந்த சருகில் தூறல் விழுவது போலப் பேசிக்கொள்ளும், குளிர்ந்தால் ஊசி, காதுக்குள் ஊசி, இப்போதும் கண்ணை மூடினால் தூறல்தான் கேட்கிறது, அது கொட்டகையிலிருந்து வருகிறதா எனக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டினேன், கண்ணால் பார்த்தே சமாளித்தேன், பரவிக் கிடந்தால் சரி, குவிந்தால் குளிர், பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், திரும்பாமல் இருந்தால் போதும்.

மார்கழியில் ஒரு காலை முதுகு காட்டித் திரும்பினேன், கொட்டகையின் கடைசியில் குழாயடியில் குத்துக்காலிட்டுத் தண்ணீர்க் குடுவைகளைக் கழுவினேன், பனி விலகாத வெளிச்சம், குடுவைகளை நிதானமாகக் கழுவினேன், எல்லாவற்றையும் கழுவி முடித்து எழுந்து பார்த்தால் வளையத்துக்குள் சூடு கொடுக்கும் பல்புகள் அணைந்திருக்கின்றன, குஞ்சுகள் ஒரு மூலையில் ஏறி ஏறிக் குவிந்திருக்கின்றன, ஓடிக் கையை விட்டேன், அள்ளினேன், எறிந்தேன், அப்புறம்தான் வாசல்பக்கக் குழல்விளக்கு எரிவதைப் பார்த்தேன், கரண்ட் போகவில்லை, சுவிட்சுப் பெட்டியின் மேல் மோகனின் கை இருந்தது, அவனுக்குப் பின்னால் கலாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இப்பத் தெரிஞ்சுதுங்களாப்பா என்றான், எத்தன நேரமாக் கத்துது தெரியுமுங்களா, இவ அடுப்படியில இருந்து ஓடியாந்துட்டா, நாந்தான் போகாதேன்னு நிறுத்தி வச்சேன்.

கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே என்றேன், என் கையில் ஒன்றின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டா ஒத்துக்குவீங்களா நீங்க என்றான், கோபமில்லாமல், வேலை முடிந்தவனைப் போல, பிறகு சுவிட்சைப் போட்டான், மிச்சமிருந்தவை வெளிச்சத்துக்கு ஓடின.

கம்பெனி சூப்பர்வைசரிடம் அப்பாவுக்குக் காது மந்தமாயிருச்சு, கவனிக்கல, அதான் இத்தனை செத்துப்போச்சு என்று சொன்னான், அதில் பொய் எதுவும் இல்லை, சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே என் காதருகே குனிந்து, இனி நிம்மதியாத் தூங்கலாம் போங்க பெரியவரே என்று கத்தினான், எல்லாரும் என்னிடம் கத்தத் தொடங்கியது அன்றிலிருந்துதான். எனக்கு வேறு வேலை வந்தது, செத்ததை மோகன் வாளியில் கொண்டுவந்து வைப்பான், வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு போடுவேன், கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை.

இப்போது மறுபடியும் குஞ்சு வந்திருக்கிறது, நேற்று இறங்கியது, மோகன் வளையத்துக்கு நடுவில் ஒரு கருவியைத் தொங்கவிட்டிருக்கிறான், எவ்வளவு சூடு என்று அது போனுக்குச் சொல்லிவிடுமாம், கருவி தொங்கும் இடத்தில் சூடு இருக்கத்தான் செய்யும், வடக்குப் பக்கம் காற்றுக்கு மறைப்பாகக் கட்டிய படுதாவின் கயிறு நெகிழ்ந்து அடியில் காற்று புகுகிறது, கம்பிவலைக்கு வெளியே நின்று பார்க்கிறேன், வடக்கோரம் வெறிச்சோடிக் கிடக்கிறது, எல்லாம் தெற்குத் தகட்டை ஒட்டி நெருங்குகின்றன, முதல் குஞ்சு இன்னொன்றின் முதுகில் ஏறுகிறது, அலகுகள் திறக்கின்றன, இந்தத் தடவையும் செத்துப்போனால் இனிக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லியிருப்பது எனக்கும் தெரியும், மோகன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டிவியை அலறவிட்டிருக்கிறான், சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தவன், திறந்த கதவுவழி வந்த டிவிச் சத்தத்துக்கு மேல், என்னங்கப்பா பாக்கறீங்க என்று கத்தினான்.

அவன் கண்ணைப் பார்த்தேன், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒண்ணுமில்ல, குழி எங்க தோண்டறதுன்னு பாத்தேன் என்றேன்.

இப்ப எதுக்குங்க, ஒண்ணுஞ் சாகலையே என்று உள்ளே போனான், கதவைச் சாத்தினான். நான் வேலியோரம் வந்து மண்வெட்டியைப் போட்டேன், அது மண்ணில் இறங்கும் சத்தம் நன்றாகவே கேட்கிறது, அகலமாக வெட்டினேன், வழக்கத்தைவிட அகலமாக, பிறகு மண்டியிட்டு உதிரி மண்ணை அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் எறிகிறேன், மேலே இளஞ்சூடு, நடுவில் ஈரம், அதற்கும் கீழே கை போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும்.