பொடிக்குப்பியை முகர மறுத்த வேட்பாளர்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொல்கிறவனின் குதிரை நொண்டட்டும், அவனுடைய உப்புத் தேநீரில் உப்பு இல்லாமல் போகட்டும், மூத்த மருமகன் மூட்டை முடிச்சோடு வந்து நிரந்தரமாக அவன் கூடாரத்தில் தங்கட்டும். மேலே இருக்கிற நீல வானத்தின் மீது ஆணை. எல்லாம் நடந்தது நடந்தபடி.

கோபி பாலைவனத்துக்கு வடக்கே ஆடு மேய்க்கும் செரென்பில்லுக்கு அந்தக் கோடையில் ஒரே கவலைதான். கிணறு. பள்ளத்தாக்கில் இருந்த ஒரே கிணற்றைத் தோண்டியவர் பக்கத்துக் கூடாரத்துக் கெந்தென் கிழவரின் தாத்தா. செரென்பில்லின் ஆடுகள் அதில் தண்ணீர் குடிப்பது கெந்தெனின் நல்ல மனதால் மட்டுமே. அந்த மனது கெடாமல் பார்த்துக்கொள்வதைத்தான் செரென்பில் பல வருடமாக முழுநேரத் தொழிலாகச் செய்துவந்தான். ஆடு மேய்ப்பது ஓய்வு நேரத்தில்.

அப்போதுதான் அவன் மனைவி தூல்மாவின் தம்பி லுவ்சன், நாட்டைத் திருத்தக் கொரியாவிலிருந்து வந்து இறங்கினான்.

லுவ்சன் அங்கே இன்சியோன் நகரத்தில் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வைத்துப் பணக்காரன் ஆனவன். முந்தைய வருடம் ஊருக்கு ஒரு லாரியை வரவழைத்தபோது எல்லையில் ஓர் ஆளைக் கொஞ்சம் கவனித்தான். அந்த ஆள் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தரவில்லை. அன்றைக்கே லுவ்சன் ஊழல் எதிர்ப்பாளன் ஆகிவிட்டான். அடுத்த கோடையில் நாடாளுமன்ற வேட்பாளர். "கொடுக்க மாட்டேன், வாங்க மாட்டேன்" என்று தொப்பியிலும் காரின் நான்கு கதவுகளிலும் எழுதிக்கொண்டான். வாக்காளரிடமிருந்து ஒரு துரும்புகூடத் தொடுவதில்லை என்று கைப்பேசிக்கு முன்னால் சத்தியமும் செய்தான். அதைச் செய்தபோது அவன் வாயில் அக்கா வேகவைத்த ஆட்டு விலா இருந்ததால் வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை.

முதல் ஓட்டுக் கேட்க செரென்பில் அவனைக் கெந்தெனிடம் அழைத்துப் போனான். கிழவர் அங்கியின் மடிப்பிலிருந்து பட்டுப் பையை எடுத்து, அதிலிருந்து சிவப்புக் கல்லில் செய்த மூக்குப்பொடிக் குப்பியை உருவி, மூடியைச் சற்றே தளர்த்தி, வந்தவருக்கு மரியாதை செய்யும் வழக்கப்படி வலது கையில் வைத்து நீட்டினார். லுவ்சன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மன்னிக்கணும் பெரியவரே. வாக்காளர் கையிலருந்து எதையும் வாங்கறதில்ல."

"குப்பிய வெச்சுக்கவா சொன்னேன்? மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடு தம்பி. உங்கப்பன் மோந்தான். உங்க தாத்தன் மோந்தான்."

"அங்கதான் தப்பு ஆரம்பிச்சிருக்கு. தலைமுறை தலைமுறையா மோந்திருக்கீங்க."

சொன்னதோடு விடவில்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்துத் தலைநகரத்தில் ஊழலைப் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு, வேட்பாளருக்கு விலையுயர்ந்த கல் குப்பி நீட்டப்பட்டது என்று புகார் கொடுத்தான்.

கெந்தென் குப்பியை மூடிப் பைக்குள் போட்டார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"செரென்பில், இன்னைக்கு உன் ஆடுங்க தண்ணி குடிச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்க ஐயா."

"நல்லதாப் போச்சு. உன் மச்சினன் என் குப்பிய மோக்கற வரைக்கும் குடிக்க வேண்டாம்."

கிணற்றின் மரமூடியில் பூட்டு தொங்கியது. செரென்பில் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"மாப்ளே, ஒரு தடவ மூக்குகிட்ட கொண்டுபோனா மூக்கு என்ன கழண்டா விழுந்துரும்?"

"அத்தான், இன்னைக்குப் பொடின்னு ஆரம்பிப்பாங்க. நாளைக்குச் சுரங்க லைசென்ஸ்ல வந்து நிக்கும்."

"ஆடுங்க நாக்கத் தொங்கப்போட்டு நிக்குதுய்யா!"

"ஆடுங்களுக்கு ஓட்டு கிடையாது அத்தான்" என்றான் லுவ்சன், தயிர்க்கட்டியைக் கடித்தபடி.

புகாரை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கெந்தெனின் கூடாரத்துக்குள் நுழைந்தவன் ஒரு வாய் தேநீர் குடிக்காமல் எப்படி வெளியே வருவான்? குடித்தார்கள். சாட்சிப் பொருளைப் பரிசோதிக்க வேண்டாமா? முகர்ந்தார்கள். வாசலில் நின்ற லுவ்சன் அவர்கள் மேலேயே புகார் கொடுத்தான். அவர்களை விசாரிக்க இன்னும் நால்வர் வந்தார்கள். வெகுதூரம் வந்த விருந்தினர் என்று கெந்தென் ஆடு அறுத்தார். தின்றார்கள். லுவ்சன் மறுபடி கூப்பிட்டான். அவர்களை விசாரிக்க மேலதிகாரிகள், மேலதிகாரிகளை விசாரிக்க அவர்களுக்கும் மேலே உள்ளவர்கள். கெந்தென் ஒட்டகம் அறுக்கத் தொடங்கினார். கூடாரத்தில் இடம் போதாமல் சுவர்ச்சட்டங்களைக் கழற்றி அகலப்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் தலைமை அதிகாரியே ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, நேராக ஆட்டின் வாலடிக் கொழுப்பு இருந்த தட்டின் முன் உட்கார்ந்தார். தலைநகரத்தில் ஊழலைப் பிடிக்க ஆளே மிச்சமில்லை. பூங்காக்களில் எல்லாம் ஒரே வாரத்தில் அடுக்குமாடிகள் முளைத்தன.

இங்கே செரென்பில்லின் ஆடுகள் கத்தினால் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, தூசி வந்தது. ஜீப்புகளின் கண்ணாடியில் காலையில் படியும் பனியை நக்கி உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூத்த கிடாய் அவனை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. தொப்பியை நேராக வைத்துக்கொண்டு தலைமை அதிகாரியின் முன் போய் நின்றான்.

"ஐயா, நானும் ஒரு புகார் குடுக்கணும்."

"இவர் மேலயா?" என்று அதிகாரி எலும்பால் கெந்தெனைச் சுட்டினார்.

"இல்லைங்க. வேட்பாளர் மேல. நான் இந்தத் தொகுதி வாக்காளன். வந்த நாள்லருந்து அவர் என் ஆட்டத்தான் திங்கறாரு. என் கட்டில்லதான் தூங்கறாரு. இப்பப் போட்டிருக்கற காலுறைகூட என்னுதுதான். கழட்டச் சொல்லிப் பாருங்க, கட்டைவிரல்ல தூல்மா தெச்ச ஒட்டு இருக்கும்."

கூடாரம் முழுவதும் மெல்லுவதை நிறுத்தியது.

"அத்தான்!" என்று அலறினான் லுவ்சன். "அது எங்கக்கா வீடு! சொந்த அக்கா வீட்டுல சாப்பிட்டா அது எப்படிய்யா ஊழல் ஆகும்?"

தலைமை அதிகாரி கையில் ஒட்டிய கொழுப்பை நிதானமாக நக்கினார்.

"தம்பி, நாங்க இதுவரைக்கும் பிடிச்ச எல்லாருக்குமே அது அக்கா வீடுதான்."

வேட்புமனு அங்கேயே ரத்தானது. தூல்மா புருஷனின் விலாவில் இடித்தாள்.

"பெத்த தாய்க்குச் சமமா நான் வளத்த தம்பிய்யா அவன்! காட்டிக் குடுத்துட்டியே!"

"உன் தம்பி அழுதா கண்ணுல தண்ணியாவது வருது. ஆட்டுக்கு அதுவும் வரல."

லுவ்சன் தொப்பியைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கெந்தென் எழுந்து வந்து, மூடியைச் சற்றே தளர்த்தி, வலது கையில் குப்பியை நீட்டினார்.

"இப்ப நீ ஒண்ணுமே இல்ல தம்பி. தைரியமா மோந்துக்க."

லுவ்சன் வாங்கி முகர்ந்தான். அவன் போட்ட தும்மலில் ஹெலிகாப்டரின் விசிறி அரைச்சுற்றுச் சுற்றியது. குப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். கெந்தென் தலையசைத்துவிட்டுப் போய்ப் பூட்டைத் திறந்தார். ஆடுகள் சாயங்காலம்வரை குடித்தன. செரென்பில் வாளியை இழுத்து இழுத்துக் கை மரத்துப்போய், கிணற்றடியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே வருடம் முழுவதும் ஆறு ஓடுகிறது. அங்கே யாரும் கிணறு தோண்டியதில்லை. சொல்கிறவனின் குதிரை மட்டும் இப்போது லேசாக நொண்டுகிறது.