தலைகீழ்க் கொக்கு

சமையலறை டைல்ஸில் இருக்கும் கொக்கு சனிக்கிழமை காலை என்னிடம் காப்பி கேட்டது. தர முடியாது என்றேன். அது தலைகீழாக இருந்தது. ஊற்றினால் மூக்கில் ஏறும்.

"அப்ப நிமித்தி ஒட்டு," என்றது.

அடுப்புக்கு மேலே வெள்ளை டைல்ஸ். இடையிடையே தாமரைக் குளத்தில் நிற்கும் கொக்குப் படம் போட்ட டைல்ஸ் எட்டு. ஏழு கொக்குகள் குளத்தில் நிற்கின்றன. ஒன்று மட்டும் குளத்திலிருந்து தொங்குகிறது. அதை ஒட்டும்போது சவரிமுத்து மேஸ்திரி செல்போனில் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சிமெண்ட் காய்ந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். பெயர்த்து எடுக்கிறேன் என்றார். என் மனைவி தாரணி சிரித்தாள்.

"இருக்கட்டும்ணே. வீட்ல ஒருத்தராவது வேற மாதிரி பாக்கட்டும்."

தாரணி போன ஐப்பசியில் இறந்துபோனாள். கொக்கு அப்படியேதான் இருக்கிறது. அவள் சொன்னபடி இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"தாரணி இருக்கட்டும்னு சொன்னா," என்றேன் கொக்கிடம்.

"எனக்குத் தலை சுத்துது."

"அவ சொன்னா."

"அவங்களைக் கூப்பிடு. நான் பேசிக்கிறேன்."

"இல்ல."

"எப்ப வருவாங்க?"

நான் பால் பாக்கெட்டை வெட்டினேன். கொக்கு கத்த ஆரம்பித்தது.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் எதிர்வீட்டுப் பத்மநாபன் சார். அவர் போன மாதம் நீரூற்றாகிவிட்டார். ஹாலில் அழகுக்கு வைக்கிற சின்ன நீரூற்று. கூழாங்கற்கள், மூங்கில் குழாய், அடியில் நீல விளக்கு. பதவியை மட்டும் விடவில்லை.

அவர் மனைவி வத்சலா ஆன்ட்டி கதவைத் திறந்தார். "வா தம்பி. இப்பதான் தண்ணி மாத்தினேன். நல்ல மூட்ல இருக்கார்."

"கொக்கு கத்துதுன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு," என்று பத்மநாபன் சார் சலசலத்தார். "டைல்ஸ் ஷோரூமுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு ஆள் வந்து கொத்தி எடுத்து நிமித்தி ஒட்டிருவான்."

"வேண்டாம் சார்."

"அப்ப அங்க போய் நிறுத்து. எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பாக்கிறதெல்லாம்..."

ஆன்ட்டி பிளக்கைப் பிடுங்கினார். "ரொம்ப நேரம் பேசினா மோட்டார் சூடாயிடும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி இந்த வசதி இல்ல."

அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. நான் ஈரமான கூழாங்கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தாரணி எதுவாகவும் ஆகவில்லை.

ஷோரூம் பைபாஸ் ரோட்டில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு நடை. முதலில் மரம் மாதிரி டைல்ஸ். அப்புறம் புல் மாதிரி டைல்ஸ். அதற்கப்புறம் மழை மாதிரி டைல்ஸ். அங்கே குடை கொடுத்தார்கள். நான் நடக்க நடக்க, எனக்கு முன்னால் இரண்டு பேர் புது டைல்ஸ் ஒட்டி நடையை நீட்டிக்கொண்டே போனார்கள். அவர்கள் டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் நான் கவுண்டருக்குப் போய்ச் சேர முடிந்தது.

கவுண்டரில் டை கட்டிய இளைஞர் ஒருவர் இருந்தார்.

"கொக்கு டைல்ஸ்," என்றேன். "திருப்ப வேண்டாம்."

"யார் செலக்‌ஷன் சார்?"

"என் மனைவி."

"அப்ப மேடம் வந்து சொல்லணும்."

"வர முடியாது."

"போன்ல?"

"முடியாது."

"கோவமா இருக்காங்களா சார்?"

"இறந்துட்டாங்க."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "அதுக்கு ஆப்ஷன் இல்ல சார். வேணும்னா நீங்க சொல்லலாம். டைல்ஸ் எடுக்கும்போது நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்குப் பிடிச்சத எடுன்னு."

"அது கருத்து இல்ல சார். எல்லா சாரும் அதத்தான் சொல்றாங்க. அங்க வெயிட் பண்ணுங்க."

அங்கே ஒரு நீளமான சோபா. அதில் கணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஹேண்ட்பேக். கடைசியில் இருந்தவரின் தாடி இடுப்பு வரை இறங்கியிருந்தது.

"பாத்ரூம் தரைக்கு வந்தோம் ப்ரோ," என்றார். "இன்னும் கிரே கலர்தான் பாத்துட்டிருக்கா." அவர் எனக்காகத் தள்ளி உட்கார்ந்தார். "உங்க பை எங்க?"

"இல்ல."

"பை இல்லாம இங்க உக்கார விட மாட்டாங்களே."

எல்லோரும் அவரவர் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சவரிமுத்து மேஸ்திரியே வந்தார். கையில் உளியும் சுத்தியலும். கொக்கைச் சுற்றித் தட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பிடிச்சிருக்கு. உடைச்சாத்தான் வரும். கொத்தவா சார்?"

"வேண்டாம்."

"மேடம் சொன்னாங்களா?"

"அன்னைக்கே சொன்னா. உங்க முன்னாடிதான்."

"அது அன்னைக்கு. இன்னைக்கு யார் சொல்றது?"

நான் கொக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் சொல்றேன்."

"நீங்க அன்னைக்கு வாயே திறக்கலையே சார்."

"இப்ப திறக்கிறேன். கொக்கைத் தொடாதீங்க."

"பாவம், அதுக்குத் தலை சுத்துதே."

"அதுவும் வாஸ்தவம்தான்."

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கடித்தார். "அப்ப ஒரே வழிதான். கொக்கை விட்டுட்டு வீட்டைத் திருப்பணும்."

"திருப்புங்க."

மூலைக்கு ஒருவராக ஆட்கள் வந்தார்கள். "மெதுவா, மெதுவா. அந்தப் பக்கம் எறக்கு. மாப்ள, ஜன்னலப் பிடிடா, அது உன் பொண்டாட்டியா, இப்படிப் பயப்படுறே?" மேஸ்திரி குரல் கொடுக்க, வீடு சுற்றியது. உப்பு ஜாடி மட்டும் சிந்தியது.

நான் தரையாகிவிட்ட கூரைமேல் நின்றேன். மின்விசிறி என் காலடியிலிருந்து செடி மாதிரி முளைத்திருந்தது. மேஸ்திரி பையிலிருந்து நாலைந்து கூழாங்கற்களை எடுத்து அதைச் சுற்றி வைத்தார். "பாக்க இயற்கையா இருக்கும் சார்," என்றார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தாரணியின் துப்பட்டா மட்டும் திரும்பவில்லை. அது பழைய தரையை நோக்கியே தொங்கியது. அதையும் யாரும் தொடவில்லை.

ஆட்கள் போனதும் நாற்காலி போட்டு ஏறி அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் கொட்டவில்லை. காப்பி போட்டு டம்ளரைக் கொக்கிடம் நீட்டினேன். நேராக நின்று, அலகை விட்டு, நிதானமாக உறிஞ்சியது.

"சர்க்கரை கம்மி," என்றது.

தாரணியும் தினமும் அதையேதான் சொல்வாள்.

மற்ற ஏழு கொக்குகளும் குளத்திலிருந்து தலைகீழாகத் தொங்கின. கழுத்தை வளைத்து என்னையே பார்த்தன. அவற்றில் ஒன்று செருமியது.

"எங்கள என்ன பண்றதா உத்தேசம்?"

"இருக்கட்டும்," என்றேன்.

சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்தேன்.