தங்கையின் பாலுக்கு நான் சொன்ன சொல்

1

இந்தக் கதை ஒரு தவறான மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது. முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

கடிதத்தைப் பிரித்ததும் தையற்காரியின் கணவர் முகம் வெளிறியது. அவர் தயங்கித் தயங்கி—

இல்லை, நிறுத்துகிறேன். அந்தக் கணவர், அதாவது என் தங்கையின் கணவர், அந்த வாரம் ஊரிலேயே இல்லை. கடிதமும் இல்லை, செல்பேசியில் வந்த செய்திதான். மொழிபெயர்த்தது நான். இருபது வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

2

தங்கை வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான்கு மாதப் பெண் குழந்தை. குழந்தை குடித்தது போக மிஞ்சும் பாலைப் பம்ப் வைத்து எடுத்து, மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்துவந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது. அதை எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"அண்ணா, என்ன போட்டிருக்கு?"

நான் அப்போது பூச்சிமருந்து பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் கிணறு, மண், கீரை எல்லாமே 'கன்டாமினேட்டட்'. எல்லா இடத்திலும் 'நச்சுப்பட்ட' என்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். செய்தியின் முதல் வரியில் அதே சொல்.

"உன் பால் நச்சுப்பட்டிருக்காம். கொட்டிட்டாங்களாம்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "சரிண்ணா," என்றாள். நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

(வாசகரே, செய்தியில் இரண்டாவது வரியும் இருந்தது. நான் படிக்கவில்லை. இதை அடைப்புக்குறிக்குள் சொல்வதே கோழைத்தனம்.)

3

வியாழக்கிழமை போனேன். வாசலிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. தங்கை புட்டியை நீட்ட நீட்ட அது நாக்கால் தள்ளியது. பால் கட்டிக்கொண்ட வலியில் அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

"புட்டி எதுக்கு?"

"நீதானே சொன்ன, என் பால் விஷம்னு. ரெண்டு நாளா எடுத்து எடுத்துக் கொட்டுறேன். இவ பவுடர் பால ஸ்பூன்ல நாலு வாய்தான் குடிக்கிறா."

"நச்சுப்பட்டிருக்குன்னுதான் சொன்னேன்..."

"ரெண்டுக்கும் என்னண்ணா வித்தியாசம்?"

செல்பேசியை எடுத்து இரண்டாவது வரியைப் படித்தேன். அடுத்த கணமே கத்தினேன்: "கொடுக்கலாமாம்! தாராளமா நீயே பால் கொடுக்கலாமாம்!"

"உன்ன நம்ப மாட்டேன்," என்று எழுந்தாள். "அவங்க வாயால சொல்லட்டும்."

4

டாக்ஸியில் ஏறினோம். வழியெல்லாம் என் தலைக்குள் சொற்கள் முண்டியடித்தன. பாய்ஸன் என்றால் உள்ளே போனால் கெடுப்பது. வெனம் என்றால் பாம்பு கடித்து ஏற்றுவது. டாக்ஸின் என்றால் ஓர் உயிர் தனக்குள் தயாரிப்பது. எல்லாவற்றையும் 'நஞ்சு' என்ற ஒரே பையில் திணித்துவிட்டு, கன்டாமினேட்டட்டையும் அதற்குள்ளேயே அமுக்கியிருக்கிறேன்! வெட்கமும் குதூகலமும் ஒன்றாக வந்தன.*

* இப்படி ஒரு நேரத்தில் குதூகலமா என்று கேட்பீர்கள். ஆமாம், சொற்களின் வித்தியாசம் பிடிபட்ட குதூகலம். அதை மறைத்தால் இதுவும் பொய்க் கதையாகிவிடும்.

பால் வங்கியின் நர்ஸ் நிதானமானவர். தன் பால் விஷமா என்று தங்கை கேட்டாள்.

"கன்டாமினேட்டட்னா வெளியிலேர்ந்து சேரக்கூடாதது வந்து சேர்ந்துடுச்சு, அவ்வளவுதாம்மா அர்த்தம். தோல்ல இருக்குற கிருமி பாட்டிலுக்குள்ள போயிருக்கு. இங்க இருக்குறது குறைமாசக் குழந்தைங்க, தாங்காது. அதனால கொட்டிட்டோம். உங்க பாப்பா நேரா குடிக்கலாம்."

"அப்ப எனக்கு இன்ஃபெக்ஷன் இல்லையா?"

"அது கிருமி உடம்புக்குள்ள பெருகி நோய் ஆகுறது. பால் கட்டியிருக்கே, காய்ச்சல் இருக்கா?" தொட்டுப் பார்த்தார். "இல்ல. பம்ப்ல இருக்குற ரப்பர் வளையத்தக் கழட்டிக் கழுவுனீங்களா?"

"அது கழலுமா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "விஷம்னு யாரும்மா சொன்னது?"

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரிஞ்சவங்க ஒருத்தங்க," என்றாள்.

5

இந்த இடத்துக்கு மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் குழந்தை உடனே குடித்தது. ஒன்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவதில் நான் ஒரு நீண்ட—

நடந்தது இதுதான். திரைக்குப் பின்னால் கால் மணி நேரம் அழுகை. வெளியே நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஆறு தடவை படித்தேன். திடீரென்று அழுகை நின்றது. நர்ஸ் தலையை நீட்டி, "குடிக்குது!" என்றார். முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

6

எழுதி முடித்ததை அவளிடம் கொடுத்தேன். கடைசி வரி: 'தங்கை சிரித்தபடி என்னை மன்னித்தாள்.'

துணியில் குறிபோட வைத்திருந்த சாக்பீஸால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"மத்ததெல்லாம் சரிண்ணா. இது நீயா போட்டது. நான் இன்னும் அத யோசிக்கவே இல்ல."

"அப்ப எப்படி முடிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் என் குழந்தைய நான் பயந்து பயந்து தொட்டேன். அதுக்கு ஒரு சொல் இருந்தா சொல்லு."

தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். என் வழியாக வேண்டாம், நேராக அவளுக்கே.