இருபத்தாறாம் கதைக்கு முப்பத்தோரு ஆமீன்

கஸாக் நாட்டுக் கோக்ஷெதாவ் நகரத்து டாக்டர்கள் எழுதித் தள்ளும் எந்த மருந்துச் சீட்டையும், அது கோழி கிளறிய மண் மாதிரி இருந்தாலும், ஒரே பார்வையில் படித்துவிடுவாள் கம்ஷாத். இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறாள். தன்னால் படிக்க முடியாத எழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதே அந்த வியாழக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் அவள் நடுவர். டெலிகிராமில் அவர்களுக்கு ஒரு கதைக்குழு இருந்தது. வாரம் ஒரு தலைப்பு. ஐம்பது வார்த்தைக்கு மிகாமல் ஒரு கதை எழுதி, அடியில் வார்த்தைக் கணக்கை எண்ணில் போட்டு, வட்டமிட்டு அனுப்ப வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. ஜெயித்தவர்தான் அடுத்த வார நடுவர். அவர் வந்த ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரியாவது எழுதிவிட்டு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வெற்றியாளரைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் கம்ஷாத் அனுப்பிய முதல் கதையை அப்போதைய நடுவர் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டார். மற்ற எல்லோருக்கும் இரண்டு வரி வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை. அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமையை அவள் மறக்கவும் இல்லை. அதனால்தான் இந்தத் திங்கட்கிழமை முதல் கதையைத் திறக்கும்போதே, "பிஸ்மில்லா. எதையும் படிக்காமத் தாண்ட மாட்டேன்" என்று இறைவனிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள்.

தலைப்பு, கதவு. வியாழக்கிழமை மதியத் தேநீரின்போது இருபத்தைந்து கதைகளையும் முடித்துவிட்டாள். ஒன்பதாவது கதைதான் முதலில் நின்றது. அஸ்தானாவில் பழுதாகி நின்ற ஒரு லிஃப்ட் கதவு, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வழவழவென்று செதுக்கிய கதை. சும்மா ஒருமுறை குழுவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். நடுவில் ஒரு புகைப்படம். கோடு போட்ட தாளில், வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில் எட்டு வரி. அதன் கீழே முப்பத்தோரு பேர் "ஆமீன்" போட்டிருந்தார்கள். யாரோ துஆ எழுதிப் பிரார்த்தனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை அவளும்தான் போட்டிருந்தாள்.

இப்போது தேநீர்க் கோப்பை வாய்வரை போய் நின்றது. தாளின் அடியில் ஓர் எண் இருந்தது. நாற்பத்தெட்டு. சுற்றி ஒரு வட்டம்.

துஆவுக்கு யார் வார்த்தைக் கணக்கு போடுவார்கள்?

குழுவை நடத்தும் செரிம்பெத் கரகண்டாவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விதி என்றால் அவருக்கு உயிர். அனுப்பியவருக்கு ஒரு செய்தி போட்டுப் பார்த்துவிட்டு, கம்ஷாத் அவரை அழைத்தாள்.

"அண்ணே, அது துஆ இல்ல. கதை. போட்டிக்கு வந்த கதை."

"நான் ஆமீன் போட்டேனேம்மா!"

"நானும்தான் போட்டேன். ஊரே போட்டிருக்கு."

"சரி, கதைன்னே வச்சுக்கோ. நீ படிச்சியா?"

"எனக்கு அந்த எழுத்து தெரியாதே."

"அப்புறம் எப்படித் தீர்ப்புச் சொல்லுவ? மோந்து பார்த்தா? அனுப்பினவங்களையே கேளு. ஏய், பிரேக்கு, பிரேக்கு! உன்னையில்லம்மா, இந்தப் பையனைச் சொன்னேன்."

"கேட்டுட்டேன் அண்ணே. செய்தி போய்ச் சேரவே மாட்டேங்குது. போன் அணைஞ்சு கிடக்கு."

"சனிக்கிழமை ஆறு மணி. அதுக்குள்ள படிச்சிட்டா இருபத்தாறுன்னு நம்பர் போட்டுச் சேர்த்துக்கோ. இல்லேன்னா இருபத்தஞ்சோட முடி. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அனுப்பியவரின் பெயர் ருஷ்ய எழுத்தில் 'குல்சிபா' என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எத்தனை வயது, ஒன்றும் தெரியாது. ஒரு பெண் தாளில் கோடு பார்த்து எழுதி, நடுவில் ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தி, எண்ணிப் பார்த்து வட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறாள். பதிலுக்கு முப்பத்தோரு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். தாண்டியவர்களில் தானும் ஒருத்தி என்பதுதான் கம்ஷாத்துக்கு முள்ளாகக் குத்தியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலில் பெண்களுக்குக் குர்ஆன் சொல்லித்தரும் ஆசிரியையிடம் போனை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, உதட்டை அசைத்துப் பார்த்தார்.

"இது அரபு இல்லம்மா. எழுத்து மட்டும்தான் அரபு. பேச்சு நம்ம கஸாக் பேச்சு. நாம ருஷ்ய எழுத்துல எழுதறதை, சீனப் பக்கத்துலேருந்து வந்திருக்கிற நம்ம ஆளுங்க இப்படித்தான் எழுதுவாங்க. எனக்குப் பாதி எழுத்து பிடிபடல. தப்பா படிச்சு உன் தீர்ப்பைக் கெடுத்துட்டா எனக்குப் பாவம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சந்தைல நூடுல்ஸ் கடை வச்சிருக்காரே ஒராஸ்கான், அவரு அந்தப் பக்கம்தான். ஆனா மதியத்துல போகாத. மனுஷன் மூச்சு விட மாட்டாரு."

கம்ஷாத்துக்கு வேறு நேரம் இல்லை. சனிக்கிழமை மருந்துக்கடை முடியவே இரண்டரை மணி. பனியில் வழுக்கி வழுக்கிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடை நிரம்பி வழிந்தது. அடுப்புக்கு முன்னால் ஒராஸ்கான் இரண்டு கையாலும் மாவை இழுத்து, பலகையில் அடித்து, மடித்து, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவு.

"அண்ணே, ஒரு தாள் படிக்கணும்."

"பதினாலு தட்டு நிக்குது தங்கச்சி. கடன் பத்திரமா, கல்யாணப் பத்திரமா?"

"கதை. ஐம்பது வார்த்தைக்குள்ளதான்."

"கதையா!" அவர் மாவை நிறுத்தாமலே சிரித்தார். "மருந்துக்கடைக்காரம்மா கதை படிக்கச் சொல்லி வர்ற நாளும் வந்துச்சா? சரி, கண்ணுக்கு நேரா பிடி. கை இங்க, கண்ணு அங்க."

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். ஒராஸ்கான் எட்டிப் பார்த்தார். அவர் கை நின்றது. இழுத்த மாவு பலகைமேல் தொங்கியது.

"இந்த எழுத்தை நான் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார் மெல்ல. பிறகு குரலைச் செருமிக்கொண்டார். கம்ஷாத் இன்னொரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு முப்பத்துமூன்று மணி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தைக்கு ஒரு மணி.

"குடி வந்த முதல் குளிர்காலம். எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. ஒரு மதியம் தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பசு, பனிப்புயலில் வழி தெரியாமல் கொம்பால் இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே விட்டேன். சாயங்காலம் பசுவைத் தேடி வந்தவள் தேநீர் குடித்தாள். என் பெயர் கேட்டாள். இருட்டும்வரை பேசினாள். மறுநாள் காலையில் பார்த்தேன். வானம் தெளிந்திருந்தது. அவளே பசுவை அவிழ்த்து எங்கள் வாசல் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தாள்."

மாலையில் ஒரு முழுச் சுற்றும் பதினைந்து மணியும் நகர்ந்திருந்தன. நாற்பத்தெட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

கடையில் எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வைத்திருந்தார்கள். ஓரத்து மேசையில் இருந்த பருத்த பெண்மணி ஒருத்தி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அவளேதான் அவிழ்த்துவிட்டாளாக்கும்! கெட்டிக்காரி. அந்தப் பசுவுக்குப் பேரு என்னவாம்?"

"அதை எழுதலையே" என்றார் ஒராஸ்கான். அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "நாங்க வந்த புதுசுல எங்களையும் ரெண்டு மாசம் யாரும் விருந்துக்குக் கூப்பிடல. எனக்கு ஒரு பசுவும் வரல. அதான் கடை போட்டேன்."

"ஒராஸ்கான், என் தட்டு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இருய்யா, கதை கேட்டாச்சில்ல, பசி தாங்கும்!"

கம்ஷாத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அங்கேயே ஒரு பயமும் வந்தது. இது கதையின் வெற்றியா, தன் குற்ற உணர்ச்சியின் வெற்றியா? பரிதாபப்பட்டுக் கொடுக்கும் முதலிடம் அந்தப் பெண்ணுக்கும் அவமானம், ஒன்பதாம் கதைக்காரருக்கும் அநியாயம். "யா அல்லா, தராசை நேராப் பிடிக்க வை" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, "இன்னொரு கதையும் கேளுங்க" என்று கேட்டு, ஒன்பதாம் கதையைத் தானே நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பருத்த பெண்மணி, முள்கரண்டியை எடுத்துக்கொண்டே. "லிஃப்டைச் சீக்கிரம் சரி பண்ணச் சொல்லுங்க. ஆமா, அந்தப் பசுக்காரி அப்புறமும் தினம் வந்தாளா?"

தராசு நின்றுவிட்டது.

ஐந்து ஐம்பதுக்குத் தீர்ப்புக் குழுவில் ஏறியது. ஒன்பதாம் கதைக்கு இரண்டாம் இடம். இருபத்தாறாம் கதைக்கு முதல் இடம். கீழே, ஒராஸ்கான் மறுபடி சொல்லச் சொல்ல அவள் ருஷ்ய எழுத்தில் எழுதிக்கொண்ட முழுக் கதையும். கடைசியில் கம்ஷாத் எழுதினாள்: "இதைத் துஆ என்று நினைத்து ஆமீன் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்த முப்பத்தோரு ஆமீன்களையும் யாரும் அழிக்க வேண்டாம். அடைத்த கதவு திறக்க வேண்டும் என்பது துஆதானே. தெரியாமல் சொன்னாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது."

குழு குலுங்கிப்போனது. கைதட்டல் படங்கள், பசுப் படங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒன்பதாம் கதைக்காரரே, "அந்தப் பசுவிடம் தோற்பதில் எனக்கு வெட்கமில்லை" என்று எழுதியிருந்தார்.

ஏழு மணிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. குல்சிபாவின் குரல். கரகரப்பான, சிரிக்கும் குரல்.

"போன் என் மகனோடது. லாரியோட போயிருந்தான், இப்பத்தான் வந்தான். அவன்தான் உங்க எழுத்தைப் படிச்சுச் சொன்னான். அன்னிக்கு அவன் கிளம்பறதுக்கு முன்னாடி அத்தனை ஆமீனையும் படிச்சுக் காட்டினப்போ, கதை போதும், முடிச்சுக்கோன்னு இங்க இப்படித்தான் சொல்லுவாங்க போலன்னு நினைச்சேன். இப்ப ஜெயிச்சுட்டேன்னு சொல்றான். ஆனா அடுத்த வாரம் நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது? உங்க எழுத்து எனக்கு வராதே. இவனோ நாளைக்கு மறுபடி போனோட போயிடுவான். வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

ஜெயித்தவர்தான் நடுவர், அது விதி. எல்லோரும் செரிம்பெத்தின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெயருக்கு எதிரே ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னணியில் காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்றது.

"விதி விதிதான். ஜெயிச்சவங்கதான் நடுவர். கண்ணால படிக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல. மகனைச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து சேரச் சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம். தலைப்பை இப்பவே சொல்லுங்கக்கா, முதல் கதை என்னோடது. பேசியே அனுப்புறேன்."

அடுத்த வாரம் நாற்பத்தொரு கதை வந்தது. குழு தொடங்கிய நாளிலிருந்து அத்தனை வந்ததில்லை. நாற்பத்தொன்றும் குரலில். பால்காரர் மாடு கறக்கும் சத்தத்தோடு சொன்னார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூன்று முறை தும்மினார். ஒராஸ்கான் குழுவில் புதிதாகச் சேர்ந்து, மாவை அடித்தபடியே ஒரு கதை சொன்னார். அதில் இருபது வார்த்தை அதிகம். கம்ஷாத் கவுண்டரில் மருந்து கட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் லாரி வாசலில் வந்து நின்றது; மாலை ஆறு மணிக்குள் குல்சிபாவின் தீர்ப்பு வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாகப் பேசியிருந்தாள். ஒருவரையும் தாண்டவில்லை. முதல் செய்தியில், தீர்ப்புக்கு முன்னால், பாத்திரம் கொதிக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பசு கத்தியது.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள் அவள். "தேநீர் அடுப்புல இருக்கு. ஒவ்வொருத்தரா உட்காருங்க, சொல்றேன்."