பேர் உதிர்ந்த நீலம்

சாயப்பட்டறையில் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மரியாதைதான். சாயங்காலம் கொதிகலன்காரர் சுவரிலிருக்கும் பெரிய கைப்பிடியைக் கீழே இழுப்பார். மோட்டார், விசிறி, விளக்கு எல்லாம் ஒரே மூச்சில் அடங்கும். கலவை அறைக் கம்ப்யூட்டரும் கூடவே செத்துவிழும். காலையில் உயிர் வந்ததும் அது கறுப்புத் திரையில் சொல்லும்: நேற்று என்னை ஒழுங்காக மூடவில்லை, உள்ளே எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன், வேண்டாமென்றால் பத்து எண்ணுவதற்குள் ஒரு விசையைத் தட்டு. கலவைக்காரி தட்டிவிடுவாள். யாருக்கு நேரம்? ஏழு வருஷத்தில் அந்த விசையின் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

இன்று அவள் தட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நேற்று மத்தியானம் நீலச் சாயத்தின் கலவைக் குறிப்பு திறக்க மறுத்துவிட்டது. நாலு மாசம் கண்ணும் கையும் எரிய எரியத் தேடிப் பிடித்த நீலம். காகிதத்தில் எழுதினால் முன்பிருந்த சாய மாஸ்டர் மாதிரி எவனாவது சுருட்டிக்கொண்டு போவான் என்று கம்ப்யூட்டரில் மட்டுமே வைத்திருந்தாள். ரிப்பேர்காரருக்கு போன் போட்டபோது அவர் கடிந்துகொண்டார். "தினம் கழுத்த நெரிச்சு அணைக்கிறீங்க. காலைல எங்க வலிக்குதுன்னு பாக்கவும் விடமாட்டேங்குறீங்க. ஒரு தடவையாவது முழுசா பாக்க விடுங்கம்மா."

கழுத்தை நெரித்தவர் அவள் புருஷன்தான். ஆவியில் நனைந்த சட்டையோடு இப்போது வாசலில் நின்றார் கொதிகலன்காரர்.

"எத்தன பர்சென்ட்டு?"

"பதினொண்ணு."

"அப்பவும் பதினொண்ணுதான சொன்ன?"

"அப்ப பத்து. போய் உங்க அண்டாவப் பாருங்க."

"கொதிகலன அண்டாங்குறா பாரு," என்று முணுமுணுத்தாலும் அவர் நகரவில்லை.

மேஸ்திரி வந்தான். வாயைத் திறந்து கூப்பிடாமல் விசிலடித்தே வேலை வாங்குவதால் அவனுக்கு சீட்டி என்று பேர். "என்னக்கா, பொட்டி தியானத்துல இருக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"துணி காத்துக்கிட்டு கெடக்கு. மத்தியானத்துக்குள்ள நீலம் எறங்கலன்னா வெளியிலேர்ந்து மாஸ்டர் வர்றாராம். முதலாளி சொல்லிட்டாரு. அப்புறம் உங்கள பழையபடி அலசுற தொட்டிக்கு..." மிச்சத்தை விழுங்கினான். "ஒரு தடவ அணைச்சுப் போட்டா எந்திரிச்சிராதா?"

"கைய வச்சுப் பாரு. அந்தக் கைய நீலமாக்கிருவேன்."

அலசும் தொட்டியில் பன்னிரண்டு வருஷம் ஈரத்துணி சுமந்தவள் அவள். ஈரத்துணியின் கனம் பிணத்தின் கனம். குளிர்ந்த காற்று பட்டால் இன்னும் தோள் அதை நினைத்துக்கொள்ளும்.

நாற்பது. நாற்பத்தொன்று. கதவடியில் ஆவி வெள்ளையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது. பெட்டிக்குள் ஏதோ கரகரவென்று நடந்துகொண்டிருந்தது. நின்றபடியே கண் செருகியது அவளுக்கு.

உள்ளே முடிவில்லாத ஒரு கிடங்கு. தரையெல்லாம் கணுக்காலளவு நீலத் தண்ணீர். யாரோ ஒரு பெண் சிறு விளக்கோடு வெறுங்காலில் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணிமூட்டையையும் தூக்கி, கழுத்தில் கட்டிய சீட்டை விரலால் தடவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். சீட்டு உதிர்ந்த மூட்டையை மட்டும் கன்னத்தருகே வைத்துக் கேட்டாள்: "நீ யாரு வீட்டுப் பிள்ள?" மூட்டை பேசவில்லை. அவள் அதைத் தூக்கியெறியவில்லை. ஓரமாகக் கொண்டுபோய், நனையாமல் மேட்டில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவளுக்கு அவசரமே இல்லை. தூரத்தில் ஒரு விசில் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய தோள்கள் கலவைக்காரியின் தோள்கள்.

"எந்திரிச்சிருச்சு!" புருஷன் அவளை உலுக்கினார்.

திரை வெளுத்திருந்தது. நீலம் வைத்த இடத்தில் இல்லை. ஆனால் புதிதாக ஒரு கோப்புறை வந்திருந்தது. சொந்த இடம் தெரியாமல் கிடந்தவற்றையெல்லாம் கம்ப்யூட்டர் அதற்குள் சேர்த்திருந்தது. முப்பத்தொரு குறிப்புகள். பேர் கிடையாது, தேதி கிடையாது, வெறும் எண்கள். திறந்தால் எல்லாம் அவள் நாலு மாசம் செய்துபார்த்த நீலங்கள். அதே நாலு சாயம். அளவு மட்டும் இம்மி இம்மியாக மாறியது. எது தேறியது என்பதை அவள் வைத்த பேர்தான் சொல்லும். அந்தப் பேர்தான் போய்விட்டது.

முப்பது தப்பு, ஒரு சரி. ஒவ்வொன்றாக நனைத்துப் பார்க்க ஒரு வாரம் ஆகும்.

பத்து திறந்தாள். பதினைந்து. அளவுகள் கண்ணுக்குள் கரைந்து கலங்கின. பத்தொன்பதாவதில் விரல் நின்றது. அளவுகளுக்குக் கீழே ஒரே எழுத்து, வரி வரியாக, பக்கம் முழுக்க.

நீலம் தேறிய அன்று புருஷன் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து விசைப்பலகையின் மேலேயே வைத்துவிட்டார். "ஐயோ, எழுதுது பாரு!" என்று பதறித் தூக்கினார். அவள் சிரித்த சிரிப்பில் அழிக்க மறந்து அப்படியே சேமித்திருந்தாள்.

"இங்க வாங்க. இது யாரு கையெழுத்து?"

அவர் குனிந்து பார்த்தார். "எனக்கு எங்க எழுதத் தெரியும்?"

"உங்க தூக்குக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் பொட்டிக்கு நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம்."

மத்தியானத்துக்குள் நீலம் இறங்கியது. ஈரத்துணியின் ஓரத்தைப் பிழிந்து உலர்த்திப் அன்று தேறிய மாதிரித் துணியோடு சேர்த்துப் பிடித்தாள். எது எதுவென்று தெரியவில்லை. சீட்டி விசிலடிக்க வாயைக் குவித்து, அடிக்காமல் போனான்.

சாயங்காலம் அளவுகளைக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். எவன் சுருட்டினாலும் சரி. பிறகு கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து நின்றாள். கொதிகலன்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பைகளோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

திரை தானாகக் கண்ணை மூடியது.

"இப்ப இழுங்க."