வலி நோட்டு

வண்டியை ஸ்டாண்டில் போடக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. மதில் சுவரில் அப்படியே சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தொழிற்சாலை வாசலுக்கு ஓடினாள். வரும் வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் அழைத்துப் பார்த்தாயிற்று. மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார்கள். இந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை நேரம் முழுக்க எல்லோருடைய போனும் லாக்கரில் தூங்கும்.

"யாரைப் பாக்கணும்?" வாட்ச்மேன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"செக்கிங்ல ஒரு அக்கா. உயரமா இருப்பாங்க. இடுப்புல ஒரு கை வெச்சிக்கிட்டே நடப்பாங்க."

"நம்ம வலியம்மாவா? நீங்க யாரு, சொந்தமா?"

"பிசியோதெரபிஸ்ட்."

"பிசியோ வீட்டுக்கு வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கம்பெனிக்கே, அதுவும் ஹெல்மெட்டோட வர்றத இப்பத்தான் பாக்கறேன்."

"அண்ணா, அவங்க இப்ப குனிஞ்சு நிமிந்தாக்கூட ஆபத்து. கதவைத் திறங்க."

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, வாட்ச்மேன் சட்டென்று எழுந்து சாவியைத் தேடினார்.

வலியம்மா என்ற பேர் சும்மா வந்ததில்லை. எட்டு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு உடம்பில் வலிக்காத இடம் கிடையாது. தோள், முதுகு, இடுப்பு, முழங்கை என்று ஊர் சுற்றும் வலி. ஸ்கேன் எடுத்தால் சுத்தம், ரத்தம் பார்த்தால் சுத்தம். "வேலை வந்தா வலி வரும், சீரியல் வந்தா சரியாயிடும்" என்று நாத்தனார் போகிறபோக்கில் ஊசி ஏற்றுவாள். கடைசியில் யாரோ ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் சொல்லி, தசைப் பயிற்சிக்கு பிசியோவான இவளிடம் அனுப்பிவைத்தார்.

எட்டு மாதம் ஆகிறது. முதல் நாள் தோளில் விரல் பட்டதற்கே அந்த அக்கா பல்லைக் கடித்தாள். அன்றைக்கு இவள் அழுத்தவே இல்லை. உள்ளங்கையை முதுகில் சும்மா வைத்தபடி பத்து நிமிஷம் இருந்தாள். பிறகு வாரக்கணக்கில், கழுத்திலிருந்து கீழ்நோக்கி மெதுவாக நீவிவிடுவது. அப்புறம் மூன்று நிமிஷ நடை, ஐந்து நிமிஷ நடை, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் முடிந்ததில் பாதி மட்டும், மோசமான நாளிலும் கொஞ்சமாவது, இதுதான் இவள் போட்ட சட்டம். கூடவே ஒரு தடித்த நோட்டு. தினமும் சாயங்காலம் எங்கே எவ்வளவு வலி என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போட்டு எழுத வேண்டும். வரும்போதெல்லாம் கொண்டுவந்து காட்ட வேண்டும்; இவள் அடியில் பச்சை மையில் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். தலை வாரக் கை தூக்க முடியாதவள் இப்போது அரை ஷிப்ட் நின்றே வேலை பார்க்கிறாள். கிளினிக்கில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் இவள் அந்த அக்காவைத்தான் உதாரணம் காட்டுவாள்.

அந்த நோட்டு இன்று காலை கிளினிக் மேஜையில் கிடந்தது. அக்கா வேலைக்குப் போகிற வழியில் வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பதினொன்றரை மணிக்கு இவள் டீயோடு திறந்தாள். நேற்றைய பக்கம். 'உக்கார்ற இடத்துல ஒண்ணுமே தெரியல. கிள்ளினாலும் தெரியல. ரெண்டு காலும் கனமா இருக்கு. வலி: 0.'

எட்டு மாதத்தில் ஆறுக்குக் கீழே இறங்காத எண். பூஜ்யத்தைச் சுற்றி ஒரு சிரிக்கும் முகம் வேறு வரைந்திருந்தாள் அக்கா.

டீ ஆறிப்போய் அங்கேயேதான் இருக்கும். முதுகெலும்பின் அடியில் குதிரை வால் மாதிரி ஒரு நரம்புக் கற்றை உண்டு. டிஸ்க் பிதுங்கி அதை நசுக்கினால் முதலில் மரத்துப்போவது உட்காரும் இடம்தான். அதற்குப் பிறகு கணக்கு மணி நேரத்தில். தாமதமானால் கால் தேறினாலும் தேறும், ஆனால் சிறுநீரும் மலமும் ஆயுசுக்கும் சொன்ன பேச்சு கேட்காது. படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கிய பாடம்.

சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. பேக்கிங் கொட்டகையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து ஆறேழு பெண்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். நடுவில் வலியம்மா. இரண்டு முழங்காலையும் கையால் கட்டி நெஞ்சோடு இழுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு... மூச்சை விடுங்கடி, புடிச்சு வெச்சு யாருக்குக் குடுக்கப் போறீங்க. எட்டு..."

"அக்கா, போதும். காலை விடுங்க. அப்படியே படுங்க."

"மேடமா? பாத்தீங்களாடி, எங்க மேடம். நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் இவளுங்களுக்கு ஓட்டறேன். இருங்க, பத்து முடிச்சிடறேன்."

"அக்கா, முடிக்க வேணாம்."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். இவள் மண்டியிட்டுக் குனிந்து காதோடு கேட்டாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

"நேத்து... சாயங்காலம் இருக்கும். வரவே இல்ல மேடம், வந்தா போகப் போறேன்."

அடிவயிற்றில் கை வைத்தாள். தொப்புள் வரைக்கும் இறுகிக் கிடந்தது, காற்றடைத்த பந்து மாதிரி. இவ்வளவு நிறைந்த வயிற்றோடு யாரும் சிரித்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. கால் கட்டைவிரல்களைக் கீழே அழுத்தச் சொன்னாள். இடது கால் அழுத்தியது. வலது கால் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் முதலில், வெளியே போக அவுட்பாஸ் பாரம் வேண்டும் என்றார். இவள் முகத்தைப் பார்த்ததும் துணி ஏற்றும் வேனைக் கொண்டுவரச் சொன்னார். துணிப் பொதிகளுக்கு நடுவே அக்காவைப் படுக்க வைத்து, பக்கத்தில் இவள் உட்கார்ந்தாள்.

வேன் குலுங்கும்போதெல்லாம் இவள் பொதிகளை அக்காவின் இடுப்போடு சேர்த்து அணை கொடுத்தாள். அக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நீங்க ஏன் மேடம் இப்படி இருக்கீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல. எட்டு வருஷத்துல நேத்து ராத்திரிதான் முழுசா தூங்கினேன். இடுப்புக்குக் கீழ வலின்னு ஒண்ணு இருந்துச்சான்னே தெரியல. வீட்ல அவர்கிட்ட சொன்னேன், எல்லாம் மேடம் கைதான்னு." அவள் இவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "உங்க கை ஏன் இப்படி சில்லுன்னு இருக்கு?"

இவள் தோளில் தொங்கிய பையை இன்னும் கொஞ்சம் உடம்போடு இறுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓட்டமாக நடந்தது. குழாய் போட்டார்கள், பை நிறைந்து இன்னொரு பை மாற்றினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் வயதில் சின்னவள், பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவள். படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். வெள்ளைக் கோட்டின் நடுவே கறுப்பாக ஒரு பிதுக்கம், கதவிடுக்கில் சிக்கிய விரல் மாதிரி.

அதற்குள் அக்காவின் புருஷன் வந்து சேர்ந்திருந்தார். எலக்ட்ரீசியன். வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டைப் பையில் டெஸ்டர், மீசையில் சுண்ணாம்புத் தூள். இவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க புண்ணியம் மேடம். நீங்க பாக்கலன்னா இவ இன்னும் குட்டிக்கரணம் போட்டுட்டு இருந்திருப்பா."

"இன்னிக்குக் காலையில நோட்டைத் திறந்ததும் ஓடி வந்தேன்" என்றாள். பொய்யில்லை.

"ஆபரேஷன் இப்பவே பண்ணப் போறோம்" என்றாள் டாக்டர். "ஆனா ஒண்ணு தெரியணும். இந்த மரமரப்பு, ஒண்ணுக்குப் பிரச்சனை, மொதல்ல எப்ப ஆரம்பிச்சது? நேத்துன்னா தேறிடுவாங்கன்னு தைரியமா சொல்வேன். அதுக்கு முன்னாடின்னா வீட்டுக்காரர்கிட்ட நான் வேற மாதிரி பேசணும். அவரும் தயாராகணும்."

எல்லோரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள். அக்கா கூரையைப் பார்த்தாள். பிறகு இவளை ஒரு முறை, ஒரு நொடி.

"நேத்துதான் டாக்டர்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"நேத்துதான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

டாக்டர் எழுதப் பேனாவை எடுத்தாள். புருஷன் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அந்த மூச்சின் சத்தம் இவளுக்குத் தாங்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், வேலை முடிந்த மாதிரி. இந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நாளைக்கும் கிளினிக் திறக்கும், நாளைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் பேசலாம். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் இவளுக்கு முதுகு சில்லிட்டது.

"நேத்து இல்ல டாக்டர்."

"மேடம்." ஸ்ட்ரெச்சரிலிருந்து கை நீண்டது. "வேணாம் மேடம். விடுங்க."

இவள் பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். நேற்றைய பக்கத்தைத் தள்ளி, பின்னால், இன்னும் பின்னால், ஒன்பது நாள் பின்னால் போனாள். டாக்டரிடம் நீட்டினாள். நடுவில் புருஷன் வாங்கிக்கொண்டார்.

அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். சுண்ணாம்பு படிந்த விரலை வரிக்கு அடியில் வைத்து, சத்தமாகத்தான் அவருக்குப் படிக்க வரும். தன் மனைவியின் சாய்ந்த எழுத்தை அவர் படித்தார்.

"தொடை... உள்பக்கம் ஊர்ற மாதிரி இருக்கு. ஒண்ணுக்கு... நின்னு நின்னு வருது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா மேடம்?"

விரல் ஒரு வரி இறங்கியது. அடியில் வேறு கையெழுத்து, பச்சை மையில், உருண்டை உருண்டையாக. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"வேண்டாம். இதுவும்... உங்க பழைய வலியோட வேலைதான். இன்னொரு ஸ்கேன்... எடுத்து மறுபடி பயத்துல விழாதீங்க. பயிற்சிய... நிறுத்தவே கூடாது."

படித்து முடித்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. வரிக்கு அடியில் இருந்த கையெழுத்தின் மேல் அது வந்து நின்றது.