கேட்காமல் போட்ட கம்பி

ஊரார் வாய்க்கெல்லாம் கம்பி போட்டுப் பல்லை வரிசைக்குக் கொண்டுவருபவர் டாக்டர். மனைவி வாயில் போட்ட கம்பிதான் அவர் மானத்தை வாங்கியது.

மனைவி கணக்கு டீச்சர். நாற்பத்து மூன்று வயதில், மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு கிளினிக்கின் பின்வாசல் வழியாக வந்தவர், நேராக நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எல்லாருக்கும் போடுறீங்களே, இந்தத் தெத்துப்பல்லுக்கு ஒண்ணு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

நான்கு மாதத்தில் பல் பாதி வழி இறங்கிவிட்டது. அப்போதுதான் உதடு வீங்கி, கன்னத்தின் உள்பக்கம் புண்ணானது.

"யாரைக் கடிச்ச?" என்றார் டாக்டர்.

"கடிச்சிருந்தா வீக்கம் உங்களுக்குல்ல வந்திருக்கும்."

உதவிக்கு நின்ற நர்ஸ் குனிந்து பார்த்தாள். "டீச்சர், கவரிங் கம்மல் போட்டா காது அரிக்குமா?"

"அரிக்குமாவா? பதினஞ்சு வயசுல சீழே வெச்சுடுச்சு. வாட்சுக்குக்கூட துணிப் பட்டைதான்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் விளக்கைப் பார்த்தார். முன்வாசலில் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி அது. அந்தக் கம்பியில் சரிபாதி நிக்கல். உமிழ்நீரில் துளியூண்டு கசியும். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஒவ்வாதவர்களைப் படுத்திவிடும். பின்வாசலில் வந்தவரை யாரும் கேட்கவில்லை.

"இருபது வருஷக் குடித்தனம். என் வாட்சைப் பார்த்ததே இல்லையா?"

"மணி பார்த்திருக்கேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பஞ்சு எடுக்கப் போனாள்.

"எல்லாத்தையும் கழட்டிடலாமா?" என்றார் டாக்டர், குரல் இறங்கி.

டீச்சரின் கேலி நின்றது. "வேணாங்க. விட்டா திரும்பப் பழைய இடத்துக்கே போயிடும். எனக்கு இன்னொரு தடவை தைரியம் வராது."

டாக்டருக்கு அன்று வேறு நோயாளி யாரும் கண்ணில் படவில்லை. கம்பியைக் கழற்றி, பல் நகராதபடி மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டினார். தோல் மருத்துவரிடம் தானே அழைத்துப்போனார். அங்கே எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்க, டீச்சரின் முதுகில் வரிசையாக மருந்துப் பட்டிகள் ஒட்டினார்கள். குளிக்கவும் கூடாது, சொறியவும் கூடாது. இரண்டு நாள் வகுப்பில் சுவரைக் கண்டாலே உரசச் சொல்லி முதுகு இழுத்ததாம். பிரித்தபோது நிக்கல் பட்ட இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது.

புண் ஆறியதும் டாக்டர் பீங்கான் கிளிப் ஒட்டி, நிக்கல் கலக்காத டைட்டானியம் கம்பியை வளைத்துக் கட்டினார். ஒரு வாரம், காலையில் எழுந்ததும் டார்ச் அடித்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பல் தேய்க்கவாவது விடுங்க, மனுஷா."

உதடு வீங்கவில்லை. அடுத்த ஆண்டு பல் வரிசையில் வந்து நின்றது.

அதன்பின் டீச்சர் உயிரோடு இருந்தது நான்கே வருடம். பள்ளியில் குழுப்படம் எடுத்த நாளில் எல்லா ஆசிரியர்களும் விறைப்பாக நிற்க, அவர் மட்டும் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"டீச்சர், வாயைக் கொஞ்சம் மூடுங்க" என்றார் படக்காரர்.

"மூடவா தம்பி இவ்வளவு பாடு பட்டோம்?"

டாக்டர் வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.